அதே மேடை, அதே மைக்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஸ்டேப்ளர் அக்காவைப் பகைத்துக்கொண்டு நிம்மதியாக வேலை பார்த்தவர் யாரும் இல்லை. அவள் அலுவலகச் செயலாளர். நான் வரவேற்பு மேசை. வருகிறவர்களை உட்காரச் சொல்வதும் தொலைபேசியை எடுப்பதும் என் வேலை. எங்கள் இரண்டு மேசைக்கும் நடுவில் ஒரு பிரிண்டர்தான் தடுப்பு. அதனால் அவள் கதையைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. சொல்லியே தீரவேண்டும் என்ற ஆத்திரமும் என்னைவிட யாருக்கும் இருக்காது.

அவளுக்கு அந்தப் பெயரை வைத்தது இசை வாத்தியார். எதையாவது மனதில் குத்திக்கொண்டாள் என்றால் குத்திக்கொண்டதுதான், பிடுங்கப் பார்த்தால் நம் நகம்தான் பெயரும் என்பது அவர் விளக்கம். பெயர் வைத்த பாவத்துக்கு அந்த வருடம் அவருடைய அடையாள அட்டையில் கண் மூடிய படம் வந்தது. கழுத்தில் தொங்கிய அட்டையில் மனுஷன் வருடம் முழுவதும் தூங்கினார்.

அக்கா கத்தமாட்டாள், சண்டை போடமாட்டாள். அவளை "ஏய்" என்று கூப்பிட்ட விளையாட்டு ஆசிரியருக்கு ஒரு கால் குட்டையான நாற்காலி போய்ச் சேர்ந்தது. அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. "உங்களுக்கெல்லாம் மெஷின் புரியாதும்மா" என்று சொன்ன ஜெராக்ஸ் மெக்கானிக்கை, பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, மழையில் திரும்பத் திரும்ப வரவழைத்தாள். அவளுடைய தம்பி மனைவி புது வீட்டு வாசலில் பார்த்தபோது "உள்ள வாங்க" என்று சொல்ல மறந்துவிட்டாள். அன்றிலிருந்து அக்கா தம்பி வீட்டுக்குப் போனால் கேட்டுக்கு வெளியேதான் நிற்பாள். வெயிலோ மழையோ, அங்கே நின்றபடியே தெரு முழுக்கக் கேட்கும்படி நலம் விசாரிப்பாள். தம்பி கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தும் வேலைக்கு ஆகவில்லை.

அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். எந்தப் புகாருக்கும் அவரிடம் ஒரே பதில்தான்: "விட்டுத் தள்ளு."

"நீங்க ஸ்டாப்ல கைய காட்டறவங்களையே விட்டுட்டுப் போற ஆளு. உங்களுக்கு ஈஸி," என்பாள் அக்கா.

அவ்வளவு கெட்டியான மனது கரைகிற இடம் ஒன்றே ஒன்று. அவளுடைய ஒரே மகள். எங்கள் பள்ளியிலேயே கடைசி வகுப்பு. அலுவலகத்தில் நாங்கள் எல்லாரும் அவளைக் குட்டி என்றுதான் கூப்பிடுவோம். குட்டி நன்றாக எழுதுவாள். நன்றாக என்றால், படித்துவிட்டு நாம் சும்மா இருக்க முடியாது, பக்கத்தில் இருப்பவருக்குப் படித்துக் காட்டத் தோன்றும். எழுத்துப் படிப்புக்கென்றே இருக்கும் ஒரு கல்லூரியில் சேரவேண்டும் என்பது அவள் ஆசை. அந்தக் கல்லூரிக்கு மதிப்பெண் மட்டும் போதாது, பள்ளியிலிருந்து நன்னடத்தைச் சான்றிதழும் போகவேண்டும்.

இப்போது துணை முதல்வர். அவரை முகவுரை சார் என்போம். தண்ணீர் கேட்பதென்றாலும் தண்ணீரின் பெருமையைச் சொல்லிவிட்டுத்தான் கேட்பார். மொழிப்பாடமும் அவர்தான். மேடை ஏறினால் இறங்கமாட்டார். அதைவிட முக்கியமான ஒன்று, மேடையில் பேசப்போவதை அவர் முன்கூட்டிப் படிக்கமாட்டார். "முன்னாடியே படிச்சுட்டா உணர்ச்சி ஆறிடும்" என்பார். உறையில் வைத்த பேச்சை மேடையில்தான் எடுப்பார், சூடாக அப்படியே வாசிப்பார். முன்பெல்லாம் அந்தப் பேச்சை ஒரு இளைய ஆசிரியர் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த வேலை கம்ப்யூட்டருக்குப் போனது.

அதாவது, பள்ளியை நடத்தும் நிர்வாகி அம்மா ஒரு நாள் புது ஆள் ஒருவரை வேலைக்கு வைத்தார். கேட்டால் பதில் சொல்லும், எழுதச் சொன்னால் எழுதும் செயற்கை நுண்ணறிவுச் செயலி. சுற்றறிக்கை, வினாத்தாள், பாடத்திட்டம், பெற்றோருக்குக் கடிதம், எதைக் கேட்டாலும் முகம் சுளிக்காமல் தரும். நாங்கள் அதை "புது ஆள்" என்றே அழைத்தோம். நிர்வாகி அம்மாவுக்குக் கை இழுத்துப் பிடிக்கும் குணம். அதனால் மொத்தப் பள்ளிக்கும் ஒரே கணக்குதான் வாங்கினார். ஒரே பயனர் பெயர், ஒரே கடவுச்சொல். அதையும் பிரிண்டர் பக்கவாட்டில் ஒட்டி வைத்திருந்தோம்.

ஒரே கணக்கு என்றால் என்ன ஆகும்? யார் எதைக் கேட்டாலும் திரையின் இடது ஓரத்தில் எல்லாருக்கும் தெரியும். வேதியியல் டீச்சர் வினாத்தாள் கேட்டது தெரியும். இசை வாத்தியார் தொப்பை குறைய வழி கேட்டது தெரியும். விளையாட்டு ஆசிரியர் கோபித்துக்கொண்டு போன மனைவிக்கு ஒரு கவிதை கேட்டு, அது போதாதென்று "இன்னும் கெஞ்சலாக" என்று கேட்டதும் தெரியும். மதியம் சாப்பிட்டபடியே நானும் அக்காவும் அதை வாசிப்போம். டிவி சீரியல் எல்லாம் பிச்சை வாங்கவேண்டும்.

அந்தக் கணக்கை அமைத்துக் கொடுத்தவள் அக்கா. அதன் உள்ளே நிரந்தரக் குறிப்பு என்று ஒரு பெட்டி உண்டு. அதில் எழுதி வைப்பதைப் புது ஆள் ஒவ்வொரு முறையும் மனதில் வைத்துக்கொண்டுதான் எழுதும். பள்ளியின் முகவரி, நிர்வாகி அம்மாவை எப்படிக் குறிப்பிடவேண்டும், சுற்றறிக்கை ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது, இப்படிப்பட்ட விஷயங்களை அக்கா அதில் எழுதி வைத்திருந்தாள். அப்படி ஒரு பெட்டி இருப்பதே மற்றவர்களுக்குத் தெரியாது.

புது ஆளை அதிகமாக வேலை வாங்கியவர் முகவுரை சார்தான். ஆனால் மாணவர்கள் அதைத் தொட்டால் அவருக்கு ஆகாது. மனிதர் எழுதியது எது, இயந்திரம் எழுதியது எது என்று கண்டுபிடித்துச் சொல்லும் கருவி ஒன்றைத் தன் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்துக்கொண்டு, கட்டுரைகளை எல்லாம் அதில் போட்டுச் சலித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சல்லடையில் குட்டியின் கட்டுரை மாட்டியது.

அப்பா ஓட்டும் பேருந்தின் கடைசி நிறுத்தத்தைப் பற்றி எழுதியிருந்தாள். எல்லாரும் இறங்கிப் போன பிறகு அப்பா காலி வண்டிக்குள் நடந்து, விட்டுப்போன குடைகளை எடுத்து வைப்பதைப் பற்றி. கருவி அதை இயந்திரம் எழுதியது என்றது. முகவுரை சார் அதோடு விட்டாரா? காலைக் கூட்டத்தில் மேடைக்குக் கொண்டுபோய், மைக்கில் வாசித்து, ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி நிறுத்திக் கேலி செய்தார்.

"ஒரு பஸ் டிரைவர் வீட்டுப் பொண்ணு இப்படி எழுதுமா? இது மெஷினோட கைவரிசை. திருடின எழுத்து," என்றார். மொத்தப் பள்ளியும் சிரித்தது. குட்டி வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

அக்கா அலுவலகத்திலிருந்து அதைக் கேட்டாள். எழுந்து ஓடவில்லை. கூட்டம் கலைந்ததும் அவர் அறைக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"சார், அவ சமையலறையில என் பக்கத்துல உக்காந்துதான் எழுதினா. ஒவ்வொரு வரியா படிச்சுக் காட்டினா. நான் வெங்காயம் வெட்டிட்டே கேட்டேன்."

"அம்மா சாட்சி சொன்னா அது சாட்சி ஆகாதும்மா. பாசம் கண்ண மறைக்கும்."

"இப்பவே கூப்பிடுங்க சார். உங்க முன்னாடி உக்கார வச்சு எழுதச் சொல்லுங்க."

"நேரமில்ல. கருவி சொல்லிடுச்சு."

"தப்பா சொல்லிருந்தா?"

"கருவிக்கு உங்க பொண்ணு மேல என்ன கோபம்?" என்று கேட்டுவிட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

பிறகு நடந்ததுதான் எனக்கு வயிறு எரிகிற இடம். குட்டியின் நன்னடத்தைச் சான்றிதழில் "எழுத்துப் பணியில் நேர்மை குறைவு" என்று குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டு அலுவலகத்துக்கு அனுப்பினார். சான்றிதழ்களைத் தட்டச்சு செய்வது யார் வேலை? அக்காவின் வேலை. பெற்ற மகளைப் பற்றிய அந்த வரியை அவளே தட்டச்சு செய்தாள். ஓர் எழுத்துப் பிழை இல்லை. முடித்துவிட்டு விசைப்பலகையை ஒரு துணியால் துடைத்தாள்.

"எழுதினவரே வந்து எடுத்தாத்தான் அந்த வரி போகும். அதுதான் ரூல்," என்றாள் என்னிடம். "எடுப்பார். அதே மேடையில, அதே மைக்குல, அத்தனை பேர் முன்னாடியும் என் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு எடுப்பார்."

குட்டி எழுதுவதை நிறுத்திவிட்டாள். கல்லூரி விண்ணப்பம் நிரப்பப்படாமல் கிடந்தது. அந்தச் சான்றிதழோடு அனுப்புவதற்கு அனுப்பாமலே இருக்கலாம் என்றாள். வீட்டில் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். கணவர் "விட்டுத் தள்ளு" என்று சொல்ல வாயெடுத்து, அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

சில நாட்கள் கழித்து பிரிண்டரிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்து விழுந்தது. துணை முதல்வர் பெயரில், எல்லா வகுப்புக்கும் போகவேண்டியது. நகல் எடுக்க நான் கையில் எடுத்தேன். இப்படி இருந்தது: "மாணவர்கள் நகம் வெட்டி வரவேண்டும். கட்டுரை விஷயத்தில் என்னால் தவறாகக் குற்றம் சாட்டப்பட்ட மாணவியிடம் மனப்பூர்வமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஷூக்களுக்குப் பாலிஷ் அவசியம்."

காகிதத்தை மடக்கிக்கொண்டு அக்காவிடம் போனேன்.

"என்னக்கா இது?"

அவள் வாங்கிப் படித்தாள். சிரிக்கவில்லை. "அடச்சே, எல்லாத்துக்கும் சேர்த்து எழுதிட்டேன்," என்றாள்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. நிரந்தரக் குறிப்புப் பெட்டியில், கட்டுரை விஷயத்தில் நடந்ததை விவரித்து, துணை முதல்வர் பெயரில் எது எழுதினாலும் அந்த மாணவியிடம் மன்னிப்புக் கேட்கும் பகுதி ஒன்றைச் சேர்க்கவேண்டும் என்று அவள் எழுதி வைத்திருந்தாள். புது ஆள் சொன்னதைச் செய்யும் ஆள், நகம் வெட்டும் அறிக்கையிலும் செய்துவிட்டது. நல்லவேளை, என் கையில் மாட்டியது. அந்த அறிக்கையை நாங்களே நகத்தோடும் ஷூவோடும் நிறுத்தி அனுப்பிவைத்தோம்.

"மேடைப் பேச்சுக்கு மட்டும்னு மாத்தணும்," என்றபடி அவள் அந்த வரியைத் திருத்தினாள். பரிசளிப்பு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. பெற்றோர் எல்லாரும் வருவார்கள். முகவுரை சார் பேசாத பரிசளிப்பு விழா நடந்ததே கிடையாது.

"எதுக்குக்கா இவ்ளோ சுத்தி வளைச்சு? நடுவுல ஒரு பக்கம் நீங்களே டைப் பண்ணிச் சொருகிடுங்க. எப்படியும் பார்க்கப் போறதில்ல," என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நான் டைப் பண்ணா அது என் வேலை. நாளைக்கு என்னைக் கை காட்டுவார். அவரே கேக்கணும், அவரே பிரிண்ட் போடணும், அவர் வாயாலயே வரணும். என் பொண்ணு எதைச் செஞ்சான்னு ஊரைக் கூட்டிச் சொன்னாரோ, அதை அவர் செஞ்சுட்டு நிக்கணும். நான் விரல்கூட வைக்கமாட்டேன்."

அந்தத் திட்டத்தின் அழகு எனக்குப் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து நானும் அதில் கூட்டு. பழிவாங்கக் காத்திருப்பதில் இவ்வளவு ருசி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவர் நடைபாதையில் வரும்போதெல்லாம் எழுந்து நின்று வணக்கம் சொன்னேன். இன்றைக்கு நெஞ்சை நிமிர்த்தி நட ராசா என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன்.

விழா அன்று காலை, திரையின் இடது ஓரத்தில் அவர் கேட்டது தெரிந்தது: "பரிசளிப்பு விழாவுக்கு உணர்ச்சிகரமான உரை. நேர்மை பற்றி. நீளமாக." நேர்மையாம்! அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பிரிண்டர் ஓடத் தொடங்கியது. பக்கங்களை அடுக்கி, ஸ்டேப்ளர் போட்டு, உறையில் வைத்து அவர் மேசைக்கு அனுப்புவது வழக்கம்போல் அவள் பொறுப்பு.

பக்கங்களைப் புரட்டினோம். மன்னிப்பு நடுவில் இருந்தது. நாங்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது. ஆனால் கடைசிப் பக்கத்தில் வேறொன்றும் இருந்தது. உரை முடிந்த பிறகு, புது ஆள் தன் பங்குக்கு அவரிடம் பேசியிருந்தது:

"உங்கள் நிரந்தரக் குறிப்பின்படி, மாணவியிடம் மன்னிப்புக் கேட்கும் பகுதியை உரையின் நடுவில் சேர்த்திருக்கிறேன். இது பலர் முன்னிலையில் சொல்லப்போவது என்பதால், உங்கள் விருப்பம் இதுதானா என்று ஒருமுறை படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் நீக்கித் தருகிறேன்."

மறைக்காமல் சொல்லியிருக்கிறது. படித்துப் பார் என்றும் சொல்லியிருக்கிறது. படிக்கவேண்டியவர் படிக்காமல் மொத்தத்தையும் அப்படியே பிரிண்டருக்குத் தள்ளியிருக்கிறார்.

எனக்கு முதலில் பயம் வந்தது, அடுத்த நொடி பேராசை வந்தது. "அக்கா, இதை எடுக்காதீங்க! இப்படியே வச்சு ஸ்டேப்ளர் போடுங்க. அந்த மனுஷன் இதையும் சேர்த்து வாசிப்பார். 'வேண்டாம் என்றால் நீக்கித் தருகிறேன்'னு மைக்குல சொல்வார். அதோட ஆள் காலி. ஜென்மத்துக்கும் தலை நிமிர முடியாது."

அக்கா அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்காலிக்கும் அடையாள அட்டைக்கும் மெனக்கெட்டவளுக்கு இது எவ்வளவு பெரிய விருந்து!

"வாசிச்சா எல்லாரும் சிரிப்பாங்கல்ல?" என்றாள்.

"விழுந்து விழுந்து சிரிப்பாங்க."

"சிரிச்சுட்டா அது மன்னிப்பு இல்ல, தமாஷ். குட்டி பேரு மறுபடியும் சிரிப்புலதான் போய் மாட்டும். அந்த வரியும் சான்றிதழ்ல அப்படியே கிடக்கும்."

தாளைக் கிழிக்கும் இயந்திரத்தில் விட்டாள். நாடா நாடாவாகக் கீழே விழுந்தது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வாழ்நாள் முழுவதும் யாரையும் விடாதவள், விடக்கூடாத ஆளை ஒரு பக்க அளவுக்கு விட்டுவிட்டாளே என்று இருந்தது. மீதிப் பக்கங்களுக்கு ஸ்டேப்ளர் போட்டு உறையில் வைத்தாள்.

அரங்கு நிறைந்திருந்தது. நானும் அக்காவும் சுவரோரம் நின்றோம். குட்டி அவள் அப்பாவோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வரமாட்டேன் என்று அடம்பிடித்தவளை அக்காதான் வற்புறுத்தி வரவழைத்திருந்தாள். முகவுரை சார் உறையைப் பிரித்தார். தொண்டையைச் செருமினார். நேர்மையின் பெருமையில் தொடங்கினார். குரல் ஏறியது, இறங்கியது, நடுங்கவேண்டிய இடத்தில் நடுங்கியது. பக்கம் திரும்பியது.

"இன்று நேர்மையைப் பற்றிப் பேசும் நான், உங்கள் முன்னால் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். இதே மேடையில், இதே மைக்கில், ஒரு மாணவியின் கட்டுரையை இயந்திரம் எழுதியது என்றேன்." கை உயர்ந்தபடி இருக்க, அதே முழக்கத்தோடு அடுத்த வரிக்குப் போனார். "அது தவறு."

அங்கே நின்றார். உயர்ந்த கை அந்தரத்தில் நின்றது. கண் மட்டும் தாளில் கீழே கீழே ஓடுவதை நான் பார்த்தேன். முகம் வெளுத்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் என் வளையல் அழுந்தியது. மாட்டினாயா மகனே, இப்போது என்ன செய்வாய்? தாளை மூடினால் ஏன் மூடினாய் என்று கேட்பார்கள். தொடர்ந்தால் மன்னிப்பு.

அரங்கு அவருடைய மௌனத்தை வேறு மாதிரிப் புரிந்துகொண்டது. மனுஷனுக்குத் தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். முன்வரிசையில் ஒருவர் கை தட்டினார். அது பரவி மொத்த அரங்கும் தட்டியது. முகவுரை சார் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டபோது அவர் முகத்தில் வெளுப்பு இல்லை.

"ஆமாம், அது தவறு," என்றார் தாளைப் பார்க்காமல். பிறகு தாளைப் பார்த்து மெதுவாக வாசித்தார். "ஒரு கருவி சொன்னதை நம்பினேன். கண் முன்னால் நின்ற குழந்தையை நம்பவில்லை. அந்த மாணவியிடமும் அவளைப் பெற்றவர்களிடமும் உங்கள் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறேன்."

எழுந்து நின்று தட்டினார்கள். நிர்வாகி அம்மா மேடையிலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சான்றிதழ்ல இருக்கிற அந்தக் குறிப்பை நாளைக்கே எடுத்துடுங்க" என்றது மைக்கில் எல்லாருக்கும் கேட்டது. பெற்றோர்கள் வரிசையாக வந்து கை குலுக்கினார்கள். ஓர் அம்மா அழுதேவிட்டார். "இந்தக் காலத்துல இப்படி ஒரு வாத்தியாரா!" என்று அவர் சொன்னதைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. அதே மேடை, அதே மைக், அத்தனை பேர். கடைசிப் பக்கத்தை மட்டும் வைத்திருந்தால் என்று நான் அன்று முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அக்கா எல்லாருக்கும் முன்பாக வந்து, நிரந்தரக் குறிப்பில் தான் எழுதிய வரியை அழிப்பதற்காகப் பெட்டியைத் திறந்தாள். வரி இல்லை. பள்ளி முகவரி இருந்தது, ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது என்பது இருந்தது. அந்த ஒரு வரியை மட்டும் யாரோ அவளுக்கு முன்பே வந்து அழித்துவிட்டுப் போயிருந்தார்கள். யாரோ என்ன யாரோ, அவரேதான். தாளைத்தான் நாங்கள் கிழித்தோம், புது ஆள் அவருக்கு எழுதியது திரையில் அப்படியே கிடந்ததே.

"தெரிஞ்சுடுச்சு," என்றாள் அக்கா.

"தெரிஞ்சா என்ன? வாயத் திறக்க முடியுமா அவரால? நான் படிக்காமதான் வாசிச்சேன்னு சொல்வாரா?"

அவர் வாயைத் திறக்கவில்லை. திருத்திய சான்றிதழில் கையெழுத்துப் போட்டுத் தானே கொண்டுவந்து அக்காவின் மேசையில் வைத்தார். முகவுரை எதுவும் இல்லாமல் திரும்பிப் போனார். அவர் ஒரு காரியத்தை முகவுரை இல்லாமல் செய்து பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை. அடுத்த வருடத்திலிருந்து அவர்தான் முதல்வர் என்று நிர்வாகி அம்மா அறிவித்தபோது மட்டும், நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

குட்டி மாறிப்போனாள். விழா முடிந்து வீட்டுக்குப் போகும்போதே பேச ஆரம்பித்துவிட்டாளாம், அவள் அப்பா சொன்னார். கல்லூரி விண்ணப்பத்தை உட்கார்ந்து நிரப்பினாள். அதற்காக ஒரு புதுக் கட்டுரையும் எழுதினாள். அதை எங்களுக்குப் படித்துக் காட்டப்போவதாகச் சொல்லி என்னையும் வீட்டுக்கு வரச்சொன்னாள். ஒரு சாயங்காலம் போனேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கணவர் வேலைக்குப் போக ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்.

கட்டுரை முகவுரை சாரைப் பற்றியது.

தன் தவறைத் தானே கண்டுகொண்டு, யாரும் கேட்காமலே, ஊர் கூடிய இடத்தில் மன்னிப்புக் கேட்ட ஒரு மனிதர். மேடையில் அவர் நின்ற அந்த மௌனத்தைப் பற்றி மட்டும் ஒரு முழுப் பத்தி. படித்துவிட்டு நாம் சும்மா இருக்க முடியாத எழுத்து. என்னாலும் சும்மா இருக்க முடியவில்லை, ஆனால் அது வேறு காரணத்தால்.

"நீங்க சொல்லுங்க சித்தி, எப்படி இருக்கு?" என்றாள் என்னிடம்.

"நல்லா இருக்கும்மா," என்றேன். வேறு என்ன சொல்ல?

குட்டி அம்மா பக்கம் திரும்பினாள். "அம்மா, நீ எதையும் மறக்கவே மாட்டே. மாமா வீட்டுக்குப் போனா இன்னும் கேட்டுக்கு வெளியதான் நிக்கறே. அவரைப் பாரு. அவ்ளோ பெரிய பொறுப்புல இருக்கறவரு. தப்புன்னு தெரிஞ்சதும் எல்லார் முன்னாடியும் எறங்கி வந்தாரு. நீயும் கொஞ்சம் அவர மாதிரி இருக்கலாம்லம்மா?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். எத்தனையோ பேரை அவள் முறைத்துப் பார்த்திருக்கிறேன், ஆனால் அந்தப் பார்வை முறைப்பு இல்லை, கெஞ்சல். வாயை மூடிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் யாரும் குட்டியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை என்றாகிவிடும். அந்தக் கட்டுரையும் செத்துப்போகும், பேனாவும் மறுபடி கீழே போகும்.

"நீ அவருகிட்ட நேர்ல ஒரு நன்றிகூட சொல்லலியாமே," என்றாள் குட்டி. "நாளைக்குப் போய்ச் சொல்லிடும்மா. எனக்காக."

"சொல்றேன்," என்றாள் அக்கா.

சொல்லமாட்டாள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் மதியம், தலையை ஒருமுறை வாரிக்கொண்டு அவர் அறைக்கு நடந்தாள். நான் ஒரு ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய்க் கதவருகே நின்றேன்.

"சார், நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

அவர் பேனாவை மூடி வைத்தார். அவசரமே படவில்லை. "எதுக்கும்மா?"

அவர் காத்திருந்தார். அவள் வாயால் அது வரவேண்டும் என்று காத்திருந்தார். அவளைவிடப் பொறுமையான ஒருவரை அப்போதுதான் பார்த்தேன்.

"என் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டதுக்கு சார்."

"அட, அதுவா?" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டு, அவள் கண்ணைப் பார்த்தே சொன்னார். "அது என் மனசுலேர்ந்து வந்த வார்த்தைம்மா. உங்க பொண்ணுக்கு அது தெரியும்ல?"

"தெரியும் சார்," என்றாள் அக்கா. கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்து, தன் மேசையில் உட்கார்ந்து, அடுத்த வருடத்துக் கடிதத்தாள்களில் முதல்வர் என்ற இடத்துக்கு எதிரே அவர் பெயரைத் தட்டச்சு செய்யத் தொடங்கினாள்.